தலைக்குக் குளித்த தேதி

சிவகாசியில் ஒரு பெண் வயதுக்கு வந்த தேதியைக் கேட்டால் வீடே சேர்ந்து சொல்லும். ருது ஜாதகம் எழுதி வைத்திருப்பார்கள். நட்சத்திரம், நேரம், அன்று அவள் உடுத்தியிருந்த துணியின் நிறம் வரை அதில் இருக்கும். தாய்மாமன் பெயர் போட்ட சடங்குப் பத்திரிகையும் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதற்கு அடுத்து வந்த தேதியைத்தான் யாரும் எழுதுவதில்லை. "கடைசியா என்னைக்குத் தலைக்குக் குளிச்சே கண்ணு?" என்று கேட்டால் பெண் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். "பங்குனிப் பொங்கலப்ப தூரமா இருந்தா டாக்டரம்மா. அதுக்கப்புறம் ஒருக்கா வந்துச்சு. வந்துச்சாடீ?" மகளிர் மருத்துவராக முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். பதின்வயதுப் பெண்கள் விஷயத்தில் என் வேலையில் பாதி, இந்தத் தேதிகளைத் தோண்டி எடுப்பதுதான். மீதிப் பாதி, கிடைத்த தேதிகளைக் காட்டி, 'இவளுக்கு நோய் ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறுங்கள்' என்று வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது.

நாடு முழுக்கக் காலண்டர் அடித்து அனுப்பும் ஊர் இது. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷ ஆல்பம் வந்துவிடும். சாம்பிளாக வந்தது, ஓரம் கிழிந்தது என்று எல்லா வீட்டிலும் நாலைந்து கிடக்கும். அதில் சின்னதாக ஒன்றை எடுத்து, வந்த நாளில் பென்சிலால் ஒரு வட்டம், நின்ற நாளில் ஒரு கோடு போட்டு, மூன்று மாதம் கழித்துக் கொண்டு வா என்பேன். வரும்போது பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது. முதல் ஒரு வருஷம் எப்படி வந்தாலும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை 21 நாளுக்கும் 45 நாளுக்கும் நடுவே எப்போது வந்தாலும் சரி. மூன்று வருஷம் தாண்டிய பிறகு 35 நாளுக்குள் வர வேண்டும். முதல் வருஷத்துக்குப் பின் ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டிப் போனாலும் பார்த்துவிடுவது நல்லது. பதினைந்து வயதாகியும் ஆளாகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

ஏன் முதலிரண்டு வருஷம் தாறுமாறாக வருகிறது என்று அப்பாக்கள் கேட்பார்கள். இந்த ஊர் அப்பாக்களுக்குச் சொல்வது எளிது. ஆப்செட் மெஷினைப் புதிதாக ஓட விடும்போது நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை எத்தனை தாள் வீணாகிறது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியும், அதற்கு உத்தரவு போடும் ஹைப்போதலாமஸும், கீழே சினைப்பையும் ஒத்துப் போவதற்கும் அப்படித்தான் நாளாகும். ஆரம்பத்தில் பல மாதம் முட்டை வெளிவராது. முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்யும்போது கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தமாக இடிந்து விழும். மூன்று மாதம் வராமல் இருந்து, வந்தால் பத்து நாள் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் நான் டி.ஜி.ஓ. படித்த எண்பதுகளின் கடைசியில், மாதவிடாய்க் கோளாறு என்று பதின்வயதுப் பெண் வந்தால் அவள் நடந்து வரமாட்டாள். தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். உதடு, நகம், கண்ணின் உள்பக்கம் எல்லாம் காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். ஹீமோகுளோபின் நாலு கிராம் இருக்கும். "உதிரம் நல்லாப் போனாத்தான் உடம்பு சுத்தமாகும்னு பெரியவங்க சொன்னாங்க" என்று ஆச்சி ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ரத்தம் ஏற்றி, ஹார்மோன் மாத்திரை கொடுத்து நிறுத்துவோம். எங்கள் பேராசிரியை அப்போது இரண்டு கேள்விகளை எங்கள் மண்டையில் ஏற்றி வைத்தார். பால் பல் விழுந்தபோது ரத்தம் நிற்க எத்தனை நேரம் ஆயிற்று? அப்பாவும் அம்மாவும் சொந்தமா?

முதல் மாதவிடாயிலேயே கட்டுக்கடங்காமல் ரத்தம் போகும் பெண்ணுக்கு எப்போதும் ஹார்மோன்தான் காரணம் என்று இருந்துவிட முடியாது. ரத்தம் உறையும் தன்மையில் பிறவிக் குறை இருந்தால் அது முதன்முதலாக வெளியே தெரிவது பல சமயம் இந்த நாளில்தான். சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கும் நம் பக்கத்தில் அப்படிப்பட்ட குறைகள் கொஞ்சம் கூடுதல். இங்கே வந்த பிறகு எனக்கு அந்தக் கேள்விகள் பல தடவை கைகொடுத்திருக்கின்றன. மாமன் மகளைக் கட்டியவருடைய மகள், பதின்மூன்று வயது. சடங்குக்குப் பந்தல் போட்டிருந்த அன்றைக்கே மயங்கி விழுந்தாள். சின்ன வயதில் மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமாம், 'சூட்டு உடம்பு' என்று நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது, ரத்தம் மட்டும் உறையவில்லை. ரத்தப் போக்கை நிறுத்திய கையோடு வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாத கிளான்ஸ்மன் என்ற நோய் என்று எழுதி அனுப்பினார்கள். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்து போகும் நோய் அது. அவளுக்குக் கொடுத்தவையெல்லாம் எளிய மருந்துகள்தான்: மாதம் வரும் நாட்களில் டிரானெக்ஸாமிக் அமிலம், தொடர்ச்சியாக ஹார்மோன் மாத்திரை, வாழ்நாள் முழுக்க ஆஸ்பிரின் தொடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முதல் ஸ்கேன் சென்டர் வந்தது. பத்து வருஷத்தில் தெருவுக்கு ஒன்று. அதுவரை 'மாசமாசம் வரலை' என்று வந்தவர்கள், 'பி.சி.ஓ.டி. இருக்கு, நீர்க்கட்டியாம்' என்று கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சிகாகோவில் ஸ்டீன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் 1935ல் ஏழு பெண்களை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கிய விஷயம், விருதுநகர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பேசும் பேச்சாயிற்று. கவரைப் பிரித்தால் கறுப்புப் படத்தில் சினைப்பையின் ஓரம் முழுக்க முத்து முத்தாகச் சின்ன வட்டங்கள். "கர்ப்பப்பையில பன்னெண்டு கட்டி இருக்காம்" என்று அம்மா அழுவார். அவை இருப்பது கர்ப்பப்பையில் இல்லை, கட்டியும் இல்லை. முட்டையைச் சுமந்து வளர ஆரம்பித்துப் பாதியில் நின்ற நுண்ணிய பைகள். அறுத்து எடுக்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை.

ஆளாகி இரண்டு மூன்று வருஷம்கூட ஆகாத பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தால் இப்படிப்பட்ட பைகள் இருக்கத்தான் செய்யும். அந்த வயதின் இயல்பு அது. 2018ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆளாகி எட்டு வருஷம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். 2023ல் திருத்தியபோதும் அதையே சொன்னார்கள். ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் இந்த வயதில் வேண்டாம் என்றார்கள். மாதவிடாய் தொடர்ந்து ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும், ஆண் ஹார்மோன் கூடியிருப்பதற்கான அடையாளம் உடம்பிலோ ரத்தத்திலோ இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அந்தப் பெயர். ஒன்று மட்டும் இருந்தால், 'வரக்கூடும், கவனிப்போம்' என்று எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எனக்கு இது பெரிய நிம்மதி. நான் ஸ்கேன் எழுதித் தராததால் 'பழைய காலத்து டாக்டர்' என்று வேறு இடம் போனவர்கள் உண்டு. சினைப்பையில் துளையிடும் லேப்ராஸ்கோப்பி கல்யாணமாகாத பதினெட்டு வயதுப் பெண்களுக்கும் தாராளமாகச் செய்யப்பட்ட ஒரு காலத்தையும் பார்த்திருக்கிறேன். அடிவயிற்றில் மூன்று தழும்போடு வந்த பெண்களில் பலருக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு சைக்கிளும் இரண்டு வருஷப் பொறுமையும்தான்.

ஸ்கேன் காட்டாததைக் கழுத்து காட்டும். பெண் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் பார்ப்பது பின்கழுத்தைத்தான். அங்கே மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். வீட்டில் அதை அழுக்கு என்றே நினைத்திருப்பார்கள். பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சைத் தோல் என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து வந்த பிள்ளைகள் எத்தனையோ. "ஒழுங்காக் குளிக்க மாட்டேங்கிறா" என்று அம்மா குறை சொல்லும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். "இது அழுக்கில்லம்மா, தேய்ச்சாப் போகாது, அவ மேல தப்பே இல்ல" என்று சொன்னதும் சில பிள்ளைகள் அங்கேயே அழுதுவிடுவார்கள். மற்ற எந்தப் பேச்சையும் அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பேன். இன்சுலின் சொன்னபடி உடம்பு கேட்காததால் அது கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அதனால் முட்டை முதிர்வதில்லை, மாதம் தள்ளுகிறது, முகத்தில் பரு, தாடையில் முடி. இது குண்டான பெண்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. ஒல்லியாக இருந்து, அப்பா, அம்மா இரண்டு பக்கமும் சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பெண்களுக்கும் வரும்.

இந்தக் கறுத்த கழுத்தை என் ஆரம்ப வருஷங்களில் எப்போதாவதுதான் பார்ப்பேன். இப்போது பார்க்காத நாளில்லை. என்ன மாறியது என்று கேட்டால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று வந்த பிள்ளைகள் காலையில் தீப்பெட்டி ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள், அல்லது பள்ளிக்கூடமே போகாமல் ஒட்டியவர்கள். சத்துக் குறைவு, ரத்தச் சோகை, தாமதமாக ஆளாவது என்று அவர்கள் பாடு வேறு. அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறகு பிள்ளைகள் படித்தார்கள். அரசு சைக்கிள் கொடுத்தது. அந்த சைக்கிள்கள் கொஞ்ச காலம் ஓடின. அப்புறம் வாசலுக்கே வேன் வந்தது, சாயங்காலம் ட்யூஷன் வந்தது. பள்ளி விட்டதும் பேக்கரி பப்ஸ், ராத்திரி பார்சல் பரோட்டா. எங்கள் பக்கத்துப் பரோட்டா எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுப்பது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ருசியில் நான் குறை சொல்லமாட்டேன்.

"உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க டாக்டரம்மா, நாங்க சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா." இந்த வேண்டுகோளை நான் நிறைவேற்றுவதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணிடம் 'நீ குண்டு' என்று சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருக்கிறார்கள். நான் சமைக்கிறவரிடம் பேசுவேன். தட்டில் சோற்றுக்குச் சமமாகக் காய், தினமும் பருப்போ முட்டையோ சுண்டலோ, டீயில் சர்க்கரை பாதி. மாற்றம் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. தம்பிக்குப் பூரி, அக்காவுக்குக் கோதுமைத் தோசை என்றால் பத்து நாள்கூடத் தாங்காது. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிடாய் திரும்புகிறது. 70 கிலோ இருக்கிற பிள்ளைக்கு மூன்றரை கிலோ. அந்தக் கணக்கைச் சொன்னால் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வரும். உளுந்தங்களி பற்றிக் கேட்காத ஆச்சியே இல்லை. உளுந்து நல்லதுதான் ஆச்சி, தினமும் அரை உழக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு மாதம் ஊட்டி, பிள்ளையை ஓலைக் குச்சுக்குள்ளேயே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள் என்பேன். ஒரு ஆச்சி என்னை முறைத்துவிட்டு, "நாங்கல்லாம் தின்னுபுட்டு ஆறு பெக்கலையா?" என்றார். தின்றுவிட்டு அவர் தினமும் எத்தனை குடம் தண்ணீர் தூக்கினார் என்று கேட்டேன். எண்ண முடியவில்லை என்றார்.

மருந்து எழுதினால் வேறு தொல்லை. மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தால் மெடிக்கல் ஷாப்பில், "இது சுகர் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்பார்கள். அன்றோடு மாத்திரை நின்றுவிடும். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் ஆண் ஹார்மோனை அடக்கவும் கொடுக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரையேதான். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "கல்யாணமாகாத பிள்ளைக்கு இதைப் போய்..." என்று தாய்மாமன் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். இப்போதெல்லாம் கடைக்காரர் சொல்லப்போவதை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். இதில் என்ன இருக்கிறது, எதற்காக உங்கள் பிள்ளைக்கு, எத்தனை மாதம், நிறுத்தினால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் தெறிக்குமா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக் கட்டு வந்ததுண்டா என்று கேட்காமல் அதை எழுதுவதும் இல்லை. சிலருக்கு அதுவும் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து உள்சவ்வை உதிர வைத்தால் போதும்.

மாத்திரைப் பையைப் பார்த்தே விடை கிடைப்பதும் உண்டு. பதினாறு வயதுப் பெண், ஒன்றரை வருஷத்தில் பன்னிரண்டு கிலோ கூடியிருந்தாள், மாதம் வரவில்லை. இரண்டு இடத்தில் நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிட்டாயிற்று. வேறு ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டால், இல்லை என்றார்கள். பையைக் கொட்டச் சொன்னேன். வலிப்புக்கு வேல்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலிப்பு இருப்பது வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று மறைத்திருந்தார்கள். அந்த மருந்து சில பெண்களுக்கு எடையைக் கூட்டும், ஆண் ஹார்மோனை ஏற்றும், சினைப்பையையும் நீர்க்கட்டி உள்ளதுபோல் மாற்றும். பிற்காலத்தில் கருவில் வளரும் குழந்தைக்கும் அது ஆகாது. நரம்பியல் மருத்துவரிடம் பேசி வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றினோம். ஆறேழு மாதத்தில் தேதிகள் ஒழுங்குக்கு வந்தன. அவளுக்கு நான் எந்த மருந்தும் எழுதவில்லை.

தைராய்டு கதை இதைவிடச் சாதாரணம். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊர்ச் சந்தையில் கல் உப்பு மூட்டையாக வரும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006ல் மறுபடி தடை வந்த பிறகும் பல வீடுகளில் அந்த உப்புதான். ஆனாலும் நான் பார்க்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு உப்பு காரணமில்லை. உடம்பே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகைதான். பிள்ளை வகுப்பில் தூங்கி விழும், உயரம் நின்றுவிடும், மாதவிடாய் அதிகமாகப் போகும். ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்துத் தைராக்ஸின் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் அதைக் காபியோடு விழுங்குவார்கள், சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குவார்கள், ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் நிறுத்திவிடுவார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபிக்கு அரை மணி நேரமாவது இடைவெளி. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி. இதைச் சொல்வதற்கென்றே ஒரு நர்ஸை வைத்திருக்கிறேன்.

மாதம் தள்ளிப் போன எந்தப் பெண்ணுக்கும் முதல் பரிசோதனை சிறுநீரில் கர்ப்பம் பார்ப்பது. 'எல்லோருக்கும் பார்ப்பதுதான்' என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் டப்பாவை நீட்டிவிடுவோம். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்வதும் எல்லோருக்கும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் வந்த பேச்சுகளில் பெரும்பாலானவை எழுத முடியாதவை. 2012ல் போக்சோ சட்டம் வந்த பிறகு, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் தகவல் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. அதற்கு முன்பு பல வீடுகள் அதை அவசரக் கல்யாணத்தில் முடித்தன.

ஹார்மோன் என்றாலே கூடிப்போனது என்று நினைக்கிறார்கள். குறைந்துபோனவர்கள் வேறு வழியில் வருவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி நூற்பாலை விடுதிகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று அழைத்துப் போகப்பட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ராத்திரி ஷிப்ட், அரைகுறைச் சாப்பாடு, மாதம் வருகிற நாளில் வலிக்குப் பெயரில்லாத மாத்திரை. எடை 36, 38 கிலோ. ஆறு மாதமாக மாதவிடாய் இல்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே சத்தில்லாதபோது ஹைப்போதலாமஸ் இந்த வேலையை நிறுத்தி வைத்துவிடும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே உடம்புகளை வேறு வாசல் வழியாகப் பார்த்தேன். நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கி மருத்துவ இடத்துக்காகப் படிக்கும் பெண்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள், நாலு மணிக்கு எழுந்து பதினொன்றுக்குப் படுப்பவர்கள், காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுபவர்கள். காரணம் ஒன்றுதான். அம்மாக்கள் ஹார்மோன் ஊசி கேட்பார்கள். நான் தூக்கமும் காலைச் சாப்பாடும் எழுதிக் கொடுப்பேன். "பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம்தானே இருக்கு டாக்டர்" என்பார்கள்.

பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, குலசாமி கும்பிடுக்கு என்று தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவது தனிக் கதை. நாரெதிஸ்டிரோன் கடையில் கேட்டதும் கிடைக்கிறது. வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்கு நாலு தடவை போட்டுவிட்டு, 'தேதி தப்பித் தப்பி வருது' என்று என்னிடம் வருவார்கள். அந்தக் காலண்டர் வட்டங்களுக்குப் பக்கத்தில் பொங்கலும் கொடையும் குறித்துப் பார்த்தால் நோய் தானாகக் காணாமல் போகும்.

ஆளாகவே இல்லை என்று வரும் பெண்களை அவசரப்பட்டு அனுப்பக் கூடாது. மாதாமாதம் வயிற்று வலி வந்து, ரத்தம் மட்டும் வராமல், குடல்வால் என்று சொல்லப்பட்ட பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கன்னிச் சவ்வில் திறப்பு இல்லாமல் உள்ளேயே தேங்கியிருந்தது. சின்ன அறுவையில் தீர்ந்தது. பதினேழு வயதில் நாலடி நாலங்குல உயரத்தில் வந்த இன்னொருத்திக்கு அப்படி எளிதாக இல்லை. அவளை என்னிடம் அனுப்பியது அவள் பள்ளி ஆசிரியை. புதுயுகம் திட்டத்தில் பள்ளியில் கொடுக்கும் நாப்கின் பாக்கெட்டுகளை அந்தப் பெண் வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ரத்தத்தைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினோம். டர்னர். இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, ஈஸ்ட்ரோஜனை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து இரண்டு வருஷம் மெதுவாக ஏற்றி, பிறகு புரோஜெஸ்டிரோன் சேர்த்தோம். எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். தானாகக் கருத்தரிப்பது அநேகமாக நடக்காது என்பதை அப்பா, அம்மாவிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. பெண்ணிடம் மறைக்கவும் இல்லை, அவள்தான் முதலில் கேட்டாள். மாத்திரையில் முதன்முதலாக மாதவிடாய் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. சடங்கு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். உங்கள் மகளைக் கேளுங்கள் என்றேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள், புடவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

தாடையில் முடி என்று வரும் பெண்கள் ஷாலால் முகத்தை மறைத்துக்கொண்டே பேசுவார்கள். பொண்ணு பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பெரும்பாலும் அழைத்து வருவார்கள். மாத்திரை வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகும், ஏற்கெனவே வளர்ந்த தடித்த முடி மாத்திரையால் போகாது, அதற்கு லேசர். அதுவரை ஷேவ் செய்துகொள்ளலாம், அதனால் முடி தடிக்காது. இந்தக் கடைசி விஷயத்தை எந்த அம்மாவும் நம்புவதில்லை. முடியை நான் உன்னிப்பாகப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. இரண்டு மூன்று வருஷமாக மெல்ல வந்ததா, சில மாதத்தில் மளமளவென்று வந்ததா, கூடவே குரல் உடைந்ததா? மளமளவென்று வந்தால் சினைப்பையிலோ அட்ரீனலிலோ நிஜமாகவே கட்டி இருக்கலாம். அங்கே ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சொந்தத்தில் கட்டிய வீடு என்றால் அட்ரீனலின் பிறவிக் குறையையும் ஒரு காலை நேர ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பதை நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். ஆகாது. கல்யாணமான பிறகு மாதம் தள்ளினால் நல்ல செய்தி என்று கொஞ்ச நாள் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். இதற்கு நேரெதிராக, குழந்தையே பிறக்காது என்று பதினேழு வயதில் யாரோ சொல்லிவிட, அந்தப் பயத்தோடு வருகிறவர்களும் உண்டு. கழுத்துக் கறுத்து, தேதி தவறி, என் எதிரில் அழுத பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று தாய்மார்கள். சிலருக்குக் கொஞ்சம் மருந்து உதவி தேவைப்பட்டது.

அவர்களுக்குப் பிற்காலத்தில் வரக்கூடிய தொல்லை, கர்ப்ப காலச் சர்க்கரை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று 2007லேயே உத்தரவிட்ட மாநிலம் தமிழ்நாடு. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140ஓ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல வருஷம் வலியுறுத்திய எளிய முறை அது. ஆனால் என் பிள்ளைகள் கட்டிக்கொண்டு போவது திருப்பூருக்கும் பெங்களூருக்கும். அங்கே இருக்கும் டாக்டருக்கு இவளுடைய பழைய கதை தெரியாது, இவளும் மாமியார் முன்னால் சொல்லமாட்டாள். அதனால் நோட்டின் முதல் பக்கத்தில், 'கர்ப்பம் என்று தெரிந்தவுடன் சர்க்கரை பார்க்கவும், 24வது வாரத்தில் மறுபடியும்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கல்யாணச் சாமான்களோடு நோட்டு தொலைந்துபோகிறது என்று சிலர் சொன்னதால், இப்போது அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் எழுந்து போகவே விடுகிறேன்.